கணியூர் வரைக்கும் போகுமா?

"எனக்குப் புரியலையே அண்ணே. திரும்பச் சொல்லுங்க."

இதைச் சொல்லும்போது பொதுவாக மனிதர்களுக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். முகத்தில் ஒரு கூச்சம் வரும். அந்த அக்காவுக்கு அதெல்லாம் கிடையாது. ஓட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பதைப் போலக் கேட்பார். ஊற்றும்வரை இலையை விட்டு எழுந்திருக்கவும் மாட்டார்.

அப்போது நான் திருப்பூர் ராயபுரத்தில் ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் விற்பனையாளனாக இருந்தேன். அதற்கு முன் பதினான்கு வருஷம் பெட்ரோல் வண்டி விற்றவன். மைலேஜ், பிக்கப், புல்லிங் என்று மூன்றே வார்த்தைகளை வைத்துக்கொண்டு பாதித் திருப்பூருக்கு வண்டி விற்றிருக்கிறேன். பேச்சில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு நினைப்பு. முதலாளிக்கும் அதே நினைப்புதான். அந்த அக்கா கடைக்குள் நுழைந்த அன்று அதில் மண் விழுந்தது.

பில் எழுதியவன் நான்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "புரியலக்கா வந்திருக்காங்க" என்றால் போதும், முதலாளி பின்பக்கக் குடோனுக்குள் போய்விடுவார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி முன்னால் வருவார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தயாராவேன். இங்கேயும் அவர் புரியலக்காவாகவே இருக்கட்டும்.

அவருக்கும் என் வயதுதான், நாற்பதைத் தாண்டி இரண்டோ மூன்றோ. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணமான கையோடு இங்கே வந்து, அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக உட்கார்ந்தவர், இருபது வருஷமாக எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊர் 'ங்க' அவர் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டதே தவிர, அவர் ஊர்ப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மரியாதை அதிகம். எதிரே இருப்பவர் சொல்வது ஒரு எழுத்துகூடப் புரியாவிட்டாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டிருப்போம். வீட்டுக்குப் போனபிறகுதான் திட்டுவோம். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் என் தொழிலே நடந்துகொண்டிருந்தது.

முதல் நாள் அவர் வந்ததும் நான் பாட்டுக்கு ஆரம்பித்தேன். "வாங்க்கா. இது லித்தியம் அயான் பேட்டரிங்க்கா. ஹப் மோட்டாருங்க. ரீஜென் பிரேக்கிங் இருக்குதுங்க. ஒரு சார்ஜுக்கு நூத்திப் பத்துக் கிலோமீட்டர் போயிருமுங்க."

அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் திரும்பச் சொன்னேன், இந்த முறை கையை ஆட்டி ஆட்டி.

"நீங்க சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சுண்ணே. வெளங்கத்தான் இல்ல. நான் ஆக்சிலேட்டரைத் திருக்குதேன். வண்டி போகுது. நடுவுல என்ன நடக்கு?"

பதினான்கு வருஷத்தில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. நடுவில் என்ன நடக்கிறது? எனக்கு எப்படித் தெரியும்?

"டெக்னாலஜிங்க்கா" என்றேன்.

"டெக்னாலஜின்னா?"

நான் தண்ணீர் குடித்தேன்.

அவர் விடாமல் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய கம்பெனி பல்லடம் தாண்டிப் புதுக் கட்டிடத்துக்கு மாறப் போகிறது. போக இருபது கிலோமீட்டர், வர இருபது. கம்பெனி வேன் ஒரே நேரத்துக்குத்தான் வரும்; ஏற்றுமதி அவசரத்தில் வேலை இழுத்தால் திரும்பி வர வழியில்லை. அக்காவையும் சேர்த்து அவருடைய தையல் லைனில் ஒன்பது பெண்கள். ஒருவர் பனியனுக்குத் தோள் கூட்டித் தள்ள, அடுத்தவர் கை வைக்க, அதற்கடுத்தவர் சைடு அடிக்க என்று வருஷக்கணக்காக வரிசை மாறாமல் உட்கார்ந்தவர்கள். மற்ற எட்டு வீட்டிலும் ஒரே பேச்சு. பேட்டரி வண்டி வெடிக்கும், பாதி வழியில் நின்றுவிடும், பேசாமல் பக்கத்திலேயே வேறு கம்பெனி பார்த்துக்கொள்.

"நான் சரின்னு சொன்னா எட்டுப் பேரும் வாங்குவாளுக. வேண்டாம்னா லைன் கலைஞ்சு ஆளுக்கொரு பக்கம் போயிருவாளுக" என்றார் அக்கா. "எனக்கே வெளங்காம அவளுககிட்ட நான் என்னத்தண்ணே சொல்ல?"

இதற்கு மேல் டெக்னாலஜி என்று சொல்லி ஒப்பேற்ற முடியாது. அக்காவைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் மெக்கானிக் பீகார்க்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் முப்பது நாற்பது வார்த்தைகள் இருக்கும். அதில் பாதி நட்டு போல்ட்டு சம்பந்தப்பட்டது. அவர் பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு பின்சக்கரத்தை எடுத்துத் திறந்து காட்டினார். நடுவில் அசையாமல் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்கள், அதைச் சுற்றி சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் காந்த வரிசை. மோட்டார் என்று தனியாக ஒன்று இல்லை, சக்கரமேதான் மோட்டார். பிறகு மூடினார். வெளியே நீண்டிருந்த மூன்று ஒயரில் இரண்டை ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பில் சேர்த்தார்.

"அக்கா, சுத்து. பாரு."

அக்கா சக்கரத்தைக் கையால் சுற்றினார். பல்பு எரிந்தது.

அவர் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இன்னொரு தடவை சுற்றினார். பல்பு எரிந்தது. வேகமாகச் சுற்றினார், பளிச்சென்று எரிந்தது. மெக்கானிக் பல்பை எடுத்துவிட்டு மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்கி, "இப்போ சுத்து" என்றார். சக்கரம் ஏதோ சேற்றில் மாட்டியது போல் இறுகிக்கொண்டது. அக்கா சிரித்த சிரிப்பில் குடோனுக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

"கரண்டு குடுத்தா சக்கரம் சுத்துது. சக்கரத்தைச் சுத்தினா கரண்டு வருது. அப்ப பிரேக்கு பிடிக்கும்போது அந்தக் கரண்டைத் திருப்பி பேட்டரிக்கே அனுப்புது. அந்த இழுவையில வண்டியும் மெல்லமாகுது. அதானே?"

"ஹாங்" என்றார் மெக்கானிக். பேட்டரிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் கண்ட்ரோலர் பெட்டியையும் தொட்டுக் காட்டினார்.

"அப்ப ஆக்சிலேட்டர்ல ஒண்ணுமே இல்ல. எவ்வளவு வேணும்னு அந்தப் பெட்டிக்குச் சொல்லுததுதான் அதோட வேல. பெட்டிதான் அளந்து விடுது. அட, இது நம்ம டைரக்ட் டிரைவு மெஷின்லா!"

இப்போது எனக்குப் புரியவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம், "திருப்பிச் சொல்லுங்க்கா" என்றேன்.

அக்கா அங்கேயே ஒரு பழைய டயர் மீது உட்கார்ந்து சொன்னார். முன்பெல்லாம் தையல் மெஷினில் கிளட்ச் மோட்டார் இருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் தைத்தாலும் தைக்காவிட்டாலும் உம்மென்று ஓடிக்கொண்டே கிடக்கும். பெடலை மிதித்தால் அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொடுக்கும். இப்போது வந்திருப்பது டைரக்ட் டிரைவ். மோட்டார் மெஷினிலேயே இருக்கும். பெடலில் கால் வைத்தால் ஓடும். எடுத்தால் சத்தமே இல்லாமல் நின்றுவிடும்.

"உங்க பெட்ரோல் வண்டி கிளட்ச் மோட்டார். சிக்னல்ல நின்னாலும் உறுமிட்டே கெடக்கும். இது டைரக்ட் டிரைவு. இவ்வளவுதான். இதைச் சொல்லாம என்னென்னமோ இங்கிலீஷ்ல சொன்னீங்க."

அடுத்த வாரமே முதல் ஆளாக அவர் ஒரு வண்டி எடுத்தார். எட்டுப் பேருக்கும் சேர்த்துத் தான் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அக்கா அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கடைக்குப் பக்கத்துச் சந்தில் நான்தான் பழக்கினேன். டெய்லர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். இருபது வருஷம் ஊசியைப் பார்த்தே துணியைத் தள்ளிய கண்ணல்லவா? வண்டியில் ஏறியதும் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைப் பார்த்தார். சக்கரம் தரையைத் தொடும் இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் துணியை நகர்த்துவது போல் மெல்ல நகர்த்திக்கொண்டு, நேராகப் போய்ப் பக்கத்துக் குடோன் வாசலில் கிடந்த பனியன் வேஸ்ட் மூட்டையில் சொருகி நின்றார். நல்ல வேளையாக மூட்டை மெத்தென்று இருந்தது.

"பிரேக் பிடிச்சிருக்கலாமுங்களே அக்கா!"

"பிடிச்சேன்லா! நிக்கலையே!"

எதைப் பிடித்தார் என்று பார்த்தால், கையில் இருக்கும் பிரேக்கைத் தொடவே இல்லை. குதிகாலைப் பின்னால் அழுத்தியிருக்கிறார். தையல் மெஷினில் பெடலை முன்னால் அழுத்தினால் ஓடும், குதிகாலால் பின்பக்கம் அழுத்தினால் நின்று நூலையும் வெட்டிவிடும். வண்டியின் கால் வைக்கும் பலகையில் ஏது பெடல்? அது வெறும் பலகை. அதைப் போட்டு அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறார். மூட்டைக்குள்ளிருந்து தலையில் நூல் கழிவோடு எழுந்து வந்து அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஆனால் அதே டெய்லர் பழக்கம்தான் பத்து நாளில் அவரை என்னைவிட நல்ல ஓட்டுநர் ஆக்கியது. தையல் முடியும் இடத்துக்கு முன்னாலேயே காலைத் தளர்த்திப் பழகியவர் அவர். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவார். வண்டி தன் போக்கில் உருண்டு, கரண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கோட்டுக்கு முன்னால் வந்து தானாக நிற்கும். நான் ஓட்டினால் எழுபது கிலோமீட்டரில் தீரும் பேட்டரி அவருக்கு எண்பதைத் தாண்டிப் போகும்.

சந்தேகங்கள் மட்டும் தீரவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை வேலைக்குப் போகும் வழியில் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார். மழைத் தண்ணீரில் எதுவரை இறங்கலாம்? வெயிலில் நிறுத்திய கையோடு சார்ஜ் போடலாமா? ஒருநாள், எண்பது சதவீதம் வரை சரசரவென்று ஏறும் சார்ஜ் கடைசியில் ஏன் ஆமை போல் ஏறுகிறது என்று கேட்டார். மெக்கானிக் அவருடைய முப்பது வார்த்தையை வைத்துக்கொண்டு திண்டாடினார். அக்காவே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காலி பஸ்ஸுல மொதல்ல ஏறுதவன் ஓடிப்போய் உக்காருவான். கடைசில ஏறுதவன் எடம் தேடித்தானே உக்காரணும்?" மெக்கானிக் கைதட்டினார். நான் அன்றிலிருந்து எல்லா வாடிக்கையாளருக்கும் அதையே சொல்லி, சொந்தச் சரக்கு போலக் காட்டிக்கொண்டேன்.

இந்தக் குணத்தால் கம்பெனியிலும் அவருக்குப் பெயர்தான். ஒருமுறை வெளியிலிருந்து ஒருவர் வந்து, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறார். சிவப்பு சிலிண்டரைச் சுவரில் காட்டி, பின்னை இழு, அழுத்து, அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்க, இருநூறு தலைகள் ஆடியிருக்கின்றன. அக்கா மட்டும் எழுந்து, "எனக்குப் புரியலை சார். ஒரு தடவ அழுத்திக் காட்டுங்க" என்றிருக்கிறார். அவர் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. அடுத்த சிலிண்டரை அழுத்தினார். அதில் வெறும் காற்றுதான் வந்தது. மறுநாள் அத்தனை சிலிண்டரும் புதிதாக வந்து இறங்கின. இதை என்னிடம் சொன்னபோது அக்கா பெருமைப்படவே இல்லை. "எனக்கு நெசமாவே புரியலைண்ணே" என்றார்.

பிறகு கணியூர் வந்தது.

அவர்கள் லைனில் கைமடியாக இருந்த ஒரு பெண், அதாவது டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்குபவள், கணியூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மா இல்லாத பெண். அவளுடைய வளைகாப்புக்கு அம்மா இடத்தில் நின்று முதல் வளையல் போட அக்காவைத்தான் கூப்பிட்டிருந்தாள். ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை. எட்டுப் பேரும் வேன் பிடித்திருந்தார்கள். அக்கா, "நான் என் வண்டியில வாரேன். நின்னா எங்க நிக்குதுன்னு எல்லாரும் பாத்துக்கிடுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார்.

கடைக்கு வந்து என்னிடம் கேட்டார். "அண்ணே, கணியூர் வரைக்கும் போகுமா?"

எப்படிக் கணக்குப் பார்த்தாலும் எண்பது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். எங்கள் விளக்கத்தாளில் நூற்றுப் பத்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. "தாராளமாப் போகுமுங்க" என்றேன்.

"அப்ப நீங்களும் வாங்க."

"நானுங்களா?"

"போகும்னு சொன்னது நீங்கல்லா."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நூறு சதவீத சார்ஜோடு கிளம்பினோம். அக்கா ஓட்டினார். நான் பின்னால், ஹெல்மெட்டும் கலக்கமுமாக. சீட்டுக்கு அடியில் பழைய பனியன் துணியில் சுற்றிய கண்ணாடி வளையல்கள். பின்னால் வேனில் எட்டுப் பெண்கள், கூட அவர்களில் ஒருவருடைய வீட்டுக்காரர். பேட்டரி வண்டி பாதி வழியில் நிற்கும் என்று முதன்முதலில் சொன்னவர் அவர்தான். வேனில் ஒரு தாம்புக் கயிறும் எடுத்து வைத்திருந்தார். வண்டியைக் கட்டி இழுக்க வேண்டாமா?

பல்லடம் வரை எல்லாம் நன்றாக இருந்தது. அதைத் தாண்டியதும் காற்று பிடித்தது. எங்கள் பக்கத்து ஆனி, ஆடிக் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்தால் நிற்கிற ஆளை நகர்த்தும். வண்டி முக்கியது. திரையில் சதவீதம் சரசரவென்று இறங்கியது.

"ஏண்ணே இப்படி எறங்குது?"

"காத்துங்க்கா. எதுத்துத் தள்ள வேண்டியிருக்குதுங்க."

"உங்க நூத்திப் பத்துல இந்தக் காத்தைச் சேத்திருக்காங்களா?"

"தெரியலீங்க."

"உங்க எடை எவ்வளவு?"

"எண்பத்தி நாலுங்க."

"உங்க நூத்திப் பத்துல நீங்க இருக்கீங்களா?"

சாலையின் இருபுறமும் காற்றாலைகள் ஆனந்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அக்கா அதைக் காட்டி, "பாத்தீங்களா? நம்ம கரண்டைக் குடிக்கதும் இந்தக் காத்துதான். அங்கன நின்னு கரண்டு குடுக்கதும் இதே காத்துதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடுமலையில் ஒரு டீக்கடையில் நின்றபோது இருபத்திரண்டு சதவீதம். இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் இருந்தது. வேன் எங்களுக்கு முன்னால் போய்ப் பூ வாங்க நின்றிருந்தது. எனக்குள் இருந்த பழைய விற்பனையாளன் விழித்துக்கொண்டான். அக்காவைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அக்கா, ஒரு குட்டியானை லோடு வண்டி பிடிச்சு ஸ்கூட்டரை ஏத்திருவமுங்க. குறுக்கு ரோட்டுல போயி ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி எறக்கிக்கலாம். அங்கிருந்து ஓட்டிட்டுப் போயிரலாமுங்க. வேன்ல இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க."

அக்கா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்தார்.

"எனக்குப் புரியலையே அண்ணே. திரும்பச் சொல்லுங்க."

நான் திரும்பச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மீதி டீயை ஊற்றிக்கொண்டேன். அதே வாக்கியம்தான், எப்போதும் கேட்கும் அதே சாம்பார்க் குரல்தான். ஆனால் என் வாழ்க்கையில் அத்தனை வெட்கமாக என்றைக்கும் உணர்ந்ததில்லை.

"போகும்னு பொய் சொல்லி எட்டுப் பேரை வாங்க வச்சு, என்னைக்காவது ஒருத்தி ஆளில்லாத ரோட்டுல நின்னுட்டான்னா? அவ மூஞ்சில நான் எப்படி முழிக்க?" என்றார். கோபமெல்லாம் இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "நீங்க எறங்கிக்கிடுங்க. வேன்ல வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எண்பத்து நான்கு கிலோ பாரமாக நான் வேனில் ஏற்றப்பட்டேன். ஏறியதும் எட்டுப் பேரும் பிடித்துக்கொண்டார்கள். மழையில் ஷாக் அடிக்குமா? அடிக்காது, எல்லாம் மூடிச் சீல் வைத்தது, அது எனக்குத் தெரியும். பேட்டரி எத்தனை வருஷம் வரும்? நான் வழக்கமான பாட்டை எடுத்தேன். இரண்டு வரிதான் போயிருக்கும், எட்டுப் பேரும் ஒரே குரலில், "புரியலையே, திருப்பிச் சொல்லுங்க!" என்றார்கள். வேனே அதிரும்படி சிரிப்பு.

"மூணு வருஷத்துக்குக் கம்பெனி பொறுப்புங்க" என்றேன். "அதுக்கு மேல எத்தனை நாளைக்கு வரும்னு எனக்குத் தெரியாதுங்க. கணியூருக்குப் போகுமான்னும் தெரியாதுங்க. தெரியாமத்தான் போகும்னு சொல்லிப்போட்டேன்."

ஜன்னலோரம் இருந்த பெண் தன் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

மடத்துக்குளம் தாண்டியது. கணியூர் நெருங்க நெருங்க எல்லோரும் முன் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தோம். ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது சாலையோரப் புளியமரத்தடியில் வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் அக்கா நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களே!" என்று கயிற்றோடு குதித்தார் அந்த வீட்டுக்காரர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் கடைசி ஆளாக இறங்கினேன்.

அக்கா எட்டுப் பேரையும் பக்கத்தில் கூப்பிட்டார். கம்பெனியில் மாதிரித் துணியைக் கையில் வைத்துச் சொல்வதைப் போலவே சொன்னார்.

"எழுபத்தொம்பது கிலோமீட்டர் ஓடியிருக்கு. அதுல அம்பத்தஞ்சு இந்த அண்ணனைச் சொமந்துகிட்டு, காத்தையும் எதுத்து. உடுமலைக்கு இந்தாண்ட காத்து முதுகுல தள்ளுச்சு, நானும் ஒத்தையா வந்தேன். அதனாலதான் இம்புட்டுத் தூரம் வந்துச்சு. இருபது சதவீதத்துக்கு வந்ததும் திரையில வெளக்கு எரிஞ்சு சொல்லிருச்சு. அஞ்சுக்கு வந்ததும் வேகத்தைக் கொறச்சுக்கிட்டுச்சு. திடீர்னு எல்லாம் நிக்கல, சொல்லிட்டுத்தான் நின்னுச்சு. கம்பெனிக்குப் போக வர நாப்பது. தெனமும் ராத்திரி சார்ஜ் போட்டா பாதிதான் தீரும். இது எங்க நிக்கும்னு இப்ப எனக்குத் தெரியும். எனக்குப் புரிஞ்சுபோச்சு."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்காத வாக்கியம்.

அந்த எட்டுப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் கயிற்றை வண்டியில் முடிச்சுப் போடப் போனார். முறுக்கு கொடுத்த பெண் அவர் மனைவிதான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "கயித்தைச் சுருட்டி வையுங்க. நாங்க தள்ளிக்கறோம்" என்றாள்.

அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான்கு பேர் இந்தப் பக்கம், நான்கு பேர் அந்தப் பக்கம். பட்டுச்சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு தள்ளினார்கள். தெற்கத்திக்காரிகள் இரண்டு பேர் குலவை போட, மற்றவர்கள் தெரிந்தும் தெரியாமலும் கூடவே போட்டார்கள். ஊர் நாய்கள் குரைத்தன. வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை ஊர்வலமே தோற்கும்படி அந்த வண்டி கணியூருக்குள் போயிற்று. வளைகாப்புப் பெண் நிறைமாத வயிற்றோடு வாசலுக்கு ஓடிவந்து, என்ன நடக்கிறது என்று புரியாமலே சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி சிரித்தாள். பத்தரை மணி நல்ல நேரத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு வளையல்கூட உடையவில்லை.

அக்கா முதல் வளையலை அந்தப் பெண்ணின் கையில் ஏற்றியபோது நான் சமையல்கட்டில் இருந்தேன். மாவாட்டும் கிரைண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு எங்கள் சார்ஜரைச் சொருகிக்கொண்டிருந்தேன். கயிறு கொண்டுவந்த வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் சார்ஜரையே பார்த்தார்.

"ஏனுங்க, இதுல ஆம்பளைங்க ஓட்டற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார்.

அடுத்த மாதத்துக்குள் எட்டு வண்டியும் போயிற்று. ஒன்பதாவதாக அந்தக் கயிற்று வீட்டுக்காரருக்கும் ஒன்று. லைன் கலையாமல் புதுக் கட்டிடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் பல்லடம் ரோட்டுச் சிக்னலில் நான் நின்றிருந்தபோது அவர்கள் வந்தார்கள். ஒன்பது வண்டி, சத்தமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. சிவப்பு விழுந்ததும் எல்லோரும் ஒழுங்காகக் கைப் பிரேக்கைத்தான் பிடித்தார்கள். ஆனால் ஒன்பது வலது குதிகாலும் ஒரே நேரத்தில் பலகையை அழுத்தின. நடுரோட்டில் தனியாகச் சிரித்த என்னைப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்போது நான் ராயபுரத்தில் இல்லை. ஈரோட்டுப் பக்கம் சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். அக்காவும் திருப்பூரில் இல்லை. ஊருக்குப் போய் நான்கு மெஷின் போட்டு, பெண்களை வைத்துத் தைத்துக்கொடுப்பதாகக் கேள்வி. வண்டியைக் கணியூர்ப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். பிள்ளையைப் பெற்றுக் கொஞ்சம் வளர்த்துவிட்டு அவள் குடும்பத்தோடு திருப்பூருக்கே வந்து திரும்ப வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், டெய்லராக, அக்கா உட்கார்ந்த அதே இடத்தில்.

போன மாதம் எனக்கு ஒரு போன். தெரியாத நம்பர். எடுத்தால் மூச்சு வாங்கும் ஓர் ஆண் குரல்.

"சார், நான் இங்க திருநெல்வேலில பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம்ல இருந்து பேசுதேன். ஒரு அம்மா வந்து மூணு மணி நேரமா உக்காந்திருக்காங்க. என்ன சொன்னாலும் புரியலைங்காங்க. உங்க நம்பரைக் குடுத்து, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுத மனுசன், அவர்ட்ட கேளுங்கன்னாங்க. தென்காசி வரைக்கும் போயிட்டு வருமான்னு கேக்காங்க சார். நான் என்ன சொல்ல?"

என்னை யாரும் அப்படி அறிமுகப்படுத்தியதே இல்லை.

"தெரியாதுன்னு சொல்லுங்க" என்றேன். "சொல்லிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு அவங்களுக்குப் பின்னாடி ஏறி உக்காந்துக்கங்க. ஆமா, உங்க எடை எவ்வளவுங்க?"